மத்தியானம் பூட்டுற கடைங்க

ஃப்ரான்ஸ்ல சின்ன ஊர்ல குடியிருக்கணும்னா எந்தக் கடை எப்ப திறந்திருக்கும்னு மனப்பாடம் பண்ணணும். எங்கக்கா கல்யாணம் ஆகி அங்க போனதுல இருந்து ஃபோன்ல பாதி பேச்சு இதுதான், நானும் போய் இருந்து பாத்துட்டு வந்தேன்.

பகல் 12 மணி ஆனா போதும், கறிக்கடை, துணிக்கடை, போஸ்ட் ஆபீஸ் வரைக்கும் சாத்திடுறாங்க. திரும்ப 2 மணிக்கு, சிலது 3 மணிக்குதான். ஹோட்டல்ல மட்டும் அப்ப கூட்டம், அங்கயும் 2 மணிக்கு மேல போனா அடுப்ப அணைச்சாச்சும்பாங்க. ஞாயித்துக்கிழமை ஓய்வுங்கறது அங்க 1906லயே சட்டம், சாப்பாட்டு சாமான் கடை மட்டும் மத்தியானம் 1 மணி வரைக்கும் ஆளு வச்சு நடத்தலாம். ஞாயிறு காலைல வேலை பாத்தவங்க திங்கக்கிழமை லீவு எடுத்துக்கறதால திங்களும் ஊரே வெறிச்சோடி கெடக்கும். நம்மூர்ல சலூனுக்கு செவ்வாய் லீவுன்னா அங்க திங்கள்.

எனக்கு ரொம்பப் புடிச்சது ரொட்டிக்கடைதான். நடுராத்திரி தாண்டி எந்திரிச்சு மாவு பிசையற ஆளுங்க அவங்க. நிறைய மாவட்டத்துல ரொட்டிக்கடை எல்லாமே வாரத்துல ஒரு நாள் கண்டிப்பா மூடணும்னு அரசு உத்தரவே இருக்கு. ஆகஸ்ட்ல ரெண்டு மூணு வாரம் சேந்தாப்ல பூட்டிட்டு ஊருக்குப் போயிடுவாங்க. அக்கா வீட்டுப் பக்கத்துக் கடைல கண்ணாடிக் கதவுக்கு உள்பக்கம் ஒரு பேப்பர் ஒட்டியிருந்துச்சு, நீல மைல கையால எழுதுனது, எந்த தேதில இருந்து எந்த தேதி வரைக்கும் லீவுன்னு, அதுக்குக் கீழயே அதுவரைக்கும் ரொட்டி எந்தக் கடைல கிடைக்கும்னு போட்டி கடை பேரையும் எழுதியிருந்தாங்க. அதப் பாத்துட்டு எனக்கு எங்க தெரு அண்ணாச்சி ஞாபகம்தான் வந்துச்சு.

சேலத்துல அம்மாபேட்டை பக்கம் தறிக்காரங்க அமாவாசைக்காவது தறிய நிறுத்துவாங்க, அண்ணாச்சிக்கு அதுவும் கிடையாது. விடியக்காலைல பால் வண்டி வரும்போது ஷட்டரத் தூக்குனா ராத்திரி பத்தரை வரைக்கும் நிக்கறாரு. மத்தியானம் கல்லாவுக்குப் பின்னாடி ஸ்டூல்ல டிபன் பாக்ஸ வச்சு ரெண்டு வாய் வச்சிருப்பாரு, யாராவது வந்து அரைக்கிலோ துவரம்பருப்புன்னு நிப்பாங்க, கையக் கழுவி, தொடச்சு, எடை போட்டு, சில்லற குடுத்துட்டு திரும்ப உக்காந்தா அடுத்த ஆளு. சோறு காஞ்சே போயிடும். பாக்கவே மனசு கேக்கல.

நம்ம ஊர்ல சட்டம் இல்லாம இல்ல. 1947 கடைகள் சட்டத்துலயே வாரத்துல ஒரு நாள் கடைய முழுசா மூடணும், அது என்ன கிழமைன்னு கடைல எழுதி மாட்டணும்னு இருக்கு. அப்புறம் 2019ல பத்து பேரோ அதுக்கு மேலயோ வேலை பாக்கற கடைங்க 24 மணி நேரமும் திறக்கலாம்னு அரசாணை வந்துச்சு. பெரிய கடைல ஷிப்ட்டு மாத்த ஆளு இருக்கு, அண்ணாச்சிக்கு யாரு இருக்கா?

கேட்டா "நான் ஒருநா சாத்துனா அடுத்த கடைக்குப் பழகிருவாங்கம்மா, திரும்பி வருவாங்களா"ங்கறாரு. அவர் பயம் நியாயம்தான். அதுக்குத்தான் அங்க எல்லாருக்கும் ஒரே உத்தரவா போட்டு வச்சிருக்காங்க, எல்லாரும் ஒரு நாள் மூடணும்னா யாரு வியாபாரமும் கெட்டுப் போகாது. எங்க தெருவச் சுத்தி மூணு மளிகைக்கடை இருக்கு. மூணு பேரும் பேசி வச்சு ஆளுக்கொரு கிழமை லீவு விடட்டும், கதவுல அடுத்த கடை பேர எழுதி ஒட்டட்டும். அன்னைக்கு நாலு எட்டு கூட நடந்து போய் வாங்கிக்க நான் ரெடி, எங்க தெருவுல மத்தவங்ககிட்டயும் கேட்டுட்டு இருக்கேன்.