மரின்ஸ்கியின் மேல்மாடத்தில் ஒனேகின்

பீட்டர்ஸ்பர்க் பயணத்தின் செலவுக் கணக்கை முறையாக எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அந்நகரின் மரின்ஸ்கி அரங்கில் கேட்ட, ரஷ்ய இசையமைப்பாளர் சாய்கோவ்ஸ்கியின் ‘யெவ்கேனி ஒனேகின்’ ஓபரா (பாடியே நடிக்கும் இசை நாடகம்) வேறெதையும் நினைக்க விடவில்லை.

முதலில் ஓர் எரிச்சலைச் சொல்லிவிடுகிறேன். புல்கோவா விமான நிலைய வாசலில் வழிமறித்த கார் ஓட்டுநர் கேட்ட தொகை, என் ஓபரா நுழைவுச்சீட்டின் விலையைவிட அதிகம். இது பகல் கொள்ளை. வெளிநாட்டில் வழங்கப்பட்ட விசா, மாஸ்டர்கார்டு அட்டைகள் 2022 மார்ச் முதல் ரஷ்யாவில் செல்லாது என்பதால் கையிலிருக்கும் ரொக்கமே கதி. அதை இப்படியா வாரிக் கொடுப்பது? 39 ஆம் எண் பேருந்தில் ஏறி மஸ்கோவ்ஸ்கயா நிலையத்தில் இறங்கினால், அங்கிருந்து மெட்ரோவில் சொற்பச் செலவில் நகருக்குள் போய்விடலாம்.

மரின்ஸ்கியின் பழைய கட்டடம் 1860 இல் திறக்கப்பட்டது. உள்ளே எங்கு பார்த்தாலும் நீலமும் பொன்னும்தான். மேல்மாடத்தில் மலிவான இருக்கைதான் எனக்குக் கட்டுப்படியானது. மேடையின் ஒரு மூலை மறைந்தாலும் இசை குறைவின்றி மேலே வந்து சேர்ந்தது.

கிராமத்துப் பண்ணை வீட்டில் வளர்ந்த தத்யானா, நகரத்திலிருந்து வந்த ஒனேகின்மீது காதல் கொண்டு, இரவு முழுக்க விழித்திருந்து அவனுக்குக் கடிதம் எழுதுகிறாள். சாய்கோவ்ஸ்கி ஏன் இந்தக் கதையைத் தேர்ந்தெடுத்தார் என்பதற்கு இந்த ஒரு காட்சியே போதும். எழுதத் தொடங்கி, நிறுத்தி, மீண்டும் துணிகிற அவளுடைய தயக்கமெல்லாம் இசைக்குழுவிலேயே கேட்கிறது. ஒனேகினோ அவளுக்கு அறிவுரை கூறி விலகிவிடுகிறான். பிறகு ஒரு விருந்தில் நண்பன் லென்ஸ்கியின் காதலியோடு விளையாட்டாக நெருங்கி ஆடப்போய், துப்பாக்கிச் சண்டையில் அந்த நண்பனையே கொன்றுவிடுகிறான்.

பல ஆண்டுகளுக்குப் பின் இதே பீட்டர்ஸ்பர்க்கின் மாளிகையொன்றில், இளவரசர் கிரெமினின் மனைவியாகத் தத்யானாவைக் காண்கிறான். அப்போதுதான் அவனுக்குக் காதல் பிறக்கிறது. அந்தக் கணத்தில் அவன் பாடுவது, கடிதக் காட்சியின் தொடக்கத்தில் அவள் பாடிய அதே மெட்டு! அன்று அவள் நெஞ்சில் எரிந்தது இன்று அவன் வாயிலிருந்து வருகிறது. கேட்க வேண்டியவளோ இன்னொருவர் மனைவி. தன் காதல் இன்னும் அணையவில்லை என்று ஒப்புக்கொண்ட பின்னரே தத்யானா அவனை மறுத்து அனுப்புகிறாள். அவனுக்காக என்னால் இரங்க முடியவில்லை. என் மனம் முழுவதும் அவள் பக்கமே இருந்தது.

1879 இல் மாஸ்கோவில் இதை முதன்முதலில் அரங்கேற்றியவர்கள் இசைப்பள்ளி மாணவர்கள். ஆடம்பரத்தைவிட எளிமையையும் இளமையையுமே சாய்கோவ்ஸ்கி விரும்பினார். அவர் விரும்பியது முற்றிலும் சரி என்பேன்.

மறுநாள் சோர்னயா ரேச்கா மெட்ரோ நிலையத்தில் இறங்கினேன். இந்த ஓபராவின் மூலக்கதையையும் அதில் லென்ஸ்கியின் சாவையும் கவிதையில் எழுதிய கவிஞர் புஷ்கினே, 1837 இல் அப்பகுதியில் நடந்த துப்பாக்கிச் சண்டையில்தான் குண்டடிபட்டார். அவர் உயிர்விட்ட, மோய்கா ஆற்றங்கரையின் 12 ஆம் எண் வீடு இன்று அருங்காட்சியகம். நெவ்ஸ்கி சாலையிலிருந்து நடந்தே போகலாம். இவற்றுக்கெல்லாம் காரும் வேண்டாம், சுற்றுலா ஏற்பாடும் வேண்டாம். அந்தப் பணத்தை ஓபராவுக்கு ஒதுக்குங்கள்.