போயா லீவுக்கு நடுவே ஒரு கால்

எங்கள் தோட்டத்தில் ஒருவரை ஆஸ்பத்திரியில் அட்மிட் பண்ணிவிட்டார்கள் என்றால் வீட்டில் பாதிக் கவலை இறங்கிவிடும். கட்டில் கிடைத்தாயிற்று, சேலைன் ஏறுகிறது, இனி டொக்டர்மார் பார்த்துக்கொள்வார்கள். அந்தக் கட்டிலுக்கும், அந்த வருத்தத்துக்கென்றே படித்த டொக்டருக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்பது அம்மாவின் காலால்தான் எங்களுக்குத் தெரிந்தது.

அம்மாவுக்கு சீனி வருத்தம். மலையில் கொழுந்து எடுத்த காலத்திலேயே வந்தது. இடது காலில் ஒரு புண், தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்து வைத்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் பார்த்தால் இரண்டு விரல் கறுத்திருக்கிறது, உடம்பு கொதிக்கிறது. 1990 என்ற அம்புலன்ஸ் நம்பருக்கு போன் எடுத்தோம். 2016இல் இந்திய உதவியோடு மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய அம்புலன்ஸ் சேவை, பிறகுதான் எங்கள் பக்கம் வந்தது. குறை சொல்ல ஒன்றுமில்லை. லயத்துக்குக் கீழே ரோட்டு வரை வந்து ஏற்றிக்கொண்டு போனார்கள்.

எந்த ஆஸ்பத்திரி என்று எழுதப் போவதில்லை. சத்திரசிகிச்சை வார்ட்டில் கட்டிலுக்கு நடுவிலும் பாய் போட்டு ஆட்கள் படுத்திருந்தார்கள். சனிக்கிழமை காலை ரவுண்டில் ஒரு இளம் டொக்டர் காலைத் தொட்டு "ரிதெனவாத?" என்று கேட்டிருக்கிறார். வலிக்கிறதா என்று. அம்மா "நே மாத்தயா" என்றிருக்கிறார். தோட்டத்தில் எந்தப் பெரிய மனிதர் கேட்டாலும் அம்மாவின் பதில் அதுதான், ஆனால் இந்த முறை உண்மையாகவே வலி இல்லை. சீனி கூடிக்கூடி நரம்பு செத்துவிட்டால் ஆணி குத்தினாலும் தெரியாது. அதாவது, கறுத்த காலில் வலியில்லை என்பது நல்ல செய்தியே இல்லை. பக்கத்தில் நின்ற தங்கச்சிக்கு சிங்களம் தெரியாது. அவளிடம் கேட்டிருந்தால் நேற்று அம்மா செருப்பு கழன்றது கூடத் தெரியாமல் நடந்த கதையைச் சொல்லியிருப்பாள்.

அந்த இளம் டொக்டர் கெட்டிக்காரர். பாதத்தின் மேல் விரல் வைத்து நாடி தேடியிருக்கிறார், கிடைக்கவில்லை. இரத்தம் கீழே இறங்கவில்லை என்றால் எத்தனை ஊசி போட்டாலும் மருந்து அந்த இடத்துக்குச் சரியாகப் போய்ச் சேராது. குருதிக்குழாய் நிபுணரின் கருத்து தேவை என்று டிக்கட்டில், அதாவது கட்டிலோடு இருக்கும் நோயாளியின் குறிப்பேட்டில், எழுதினார்.

எழுதியதோடு சரி. சனி மத்தியானம் ஆள் மாறியது. ஞாயிறு போனது. திங்கள் போயா, பௌர்ணமி லீவு. மருந்து கட்டினார்கள், ஊசி போட்டார்கள், சீனி பார்த்தார்கள். அந்த நிபுணர் இருக்கும் கண்டிக்கு யாரும் போன் எடுக்கவில்லை. எழுதியவர் மற்றவர் எடுப்பார் என்றும், மற்றவர் எழுதியவரே எடுத்திருப்பார் என்றும் நினைத்திருக்க வேண்டும். செவ்வாய் காலை வேறொரு டொக்டர் டிக்கட்டைப் புரட்டிக்கொண்டே வந்து சனிக்கிழமைப் பக்கத்தில் நின்றார். அதற்குப் பிறகு எல்லாம் ஓட்டம்தான்.

இடையில் ஒரு மாமா, "கையெழுத்து வைத்து வெளியே எடு, பெரிய டொக்டரை சனல் பண்ணிக் காட்டு, அவர் தன்னுடைய வார்ட்டிலேயே போடுவார்" என்று நச்சரித்தார். சனல் என்றால் காசு கட்டித் தனியாராக நிபுணரைப் பார்ப்பது. இந்தக் குறுக்குவழி ஊரறிந்த ரகசியம். ஒருதரம் சனல் பண்ணும் காசு தோட்டத்தில் கிட்டத்தட்ட இரண்டு நாள் பேர், அதாவது இரண்டு நாள் சம்பளம். அதையும் விடுங்கள், இலவச ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருப்பவர் நிபுணரைப் பார்க்க வெளியே போய்க் காசு கட்டி வர வேண்டும் என்பதை எப்படி சாதாரணமாகச் சொல்கிறோம் என்றுதான் எனக்குக் கோபம்.

ஆதார வைத்தியசாலை தோறும் குருதிக்குழாய் நிபுணர் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. 2022க்குப் பிறகு எத்தனை டொக்டர்மார் நாட்டை விட்டுப் போனார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் போன் எடுக்க நிபுணர் தேவையில்லை. டிக்கட்டில் கேட்டது யார், எத்தனை மணிக்கு, கண்டியில் யாரிடம் பேசினார்கள், என்ன பதில் என்று நாலு வரி இருந்தால் ஞாயிற்றுக்கிழமை டியூட்டிக்கு வருபவருக்கு அது கண்ணில் குத்தும். அம்மாவின் காலைப் போட்டோ எடுத்து அனுப்பியிருந்தால் கூட அங்கிருந்து "உடனே அனுப்புங்கள்" என்றிருப்பார்கள்.

லண்டனில் நர்ஸாக இருக்கும் மச்சாள் சொன்னாள், அங்கே அவசரமாக அட்மிட் ஆகிறவரை 14 மணித்தியாலத்துக்குள் ஒரு நிபுணர் பார்க்க வேண்டும் என்று வைத்திருக்கிறார்களாம். சீனி வருத்தக்காரரின் காலில் புண் என்றால் ஒரு வேலை நாளுக்குள் கால் பார்க்கும் குழுவுக்கு எழுதிவிட வேண்டும். காலோ உயிரோ போகும் நிலை என்றால் அந்த நிமிடமே. அங்கேயும் எப்போதும் நடப்பதில்லையாம். இருக்கட்டும், கணக்கு என்று ஒன்று இருந்தால் தவறியதாவது தெரியும்.

செவ்வாய் பின்னேரம் ஆஸ்பத்திரி அம்புலன்ஸில் கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை வழியாகக் கண்டி. 1990 வண்டி வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்குத்தான். ஆஸ்பத்திரி விட்டு ஆஸ்பத்திரி போக அங்கேயே வண்டியும் கூடப் போக ஒரு மிஸ்ஸும், அதாவது நர்ஸும், கிடைக்க வேண்டும், அதற்கும் காத்திருந்தோம். கண்டியில் இரத்த ஓட்டத்தைக் காட்டும் டொப்ளர் கருவி வைத்துப் பார்த்து, அடைத்த குழாயை பலூன் விட்டுத் திறந்தார்கள். இரண்டு விரல் போனது. பாதம் தப்பியது. சனிக்கிழமையே போயிருந்தால் விரலும் தப்பியிருக்குமா என்று அங்கே ஒரு டொக்டரிடம் கேட்டேன். "சொல்ல முடியாது" என்றார். நேர்மையான பதில்தான்.

இப்போது மாதாமாதம் கண்டி கிளினிக். அம்மாவுக்கு பஸ்ஸில் கம்பளை தாண்டும்வரை வாந்தி, அதுதான் அவருடைய பெரிய முறைப்பாடு. தங்கச்சி மட்டும் மாறிவிட்டாள். யார் வந்து என்ன எழுதினாலும் "மிஸ், இது யாருக்கு, எப்ப வருவாங்க?" என்று தமிழிலேயே கேட்கிறாள். போன தடவை ஒரு மிஸ் எரிந்து விழுந்தார், ஆனால் பக்கத்து மிஸ்ஸைக் கூப்பிட்டுப் பதில் சொல்ல வைத்தார்.