டீம் கூடுகிறது, அம்பயர் எங்கே?

சிறிய வட்டாரம் ஒன்றில் கிரிக்கெட் சங்கத்தின் செயலாளராக இருப்பவரிடம் எல்லோரும் முதலில் கேட்பது, "இந்த சீசன் எத்தனை டீம்?" என்பதைத்தான். ஸ்பான்சர் கேட்பார். மேலே இருக்கும் வாரியம் அதற்கென்றே படிவத்தில் ஒரு கட்டம் போட்டு வைத்திருக்கும். போன வருடத்தைவிட எண் கூடியிருந்தால் வளர்ச்சி, குறைந்திருந்தால் விசாரணை. அந்தக் கட்டத்தைப் பல வருடமாக நிரப்பி அனுப்புகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஒரு வட்டாரத்தில் கிரிக்கெட் எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ள அந்த எண் அநேகமாக எதற்கும் உதவாது.

கணக்கைப் பாருங்கள். 8 அணிகள் ஒவ்வொன்றும் மற்றவற்றோடு ஒருமுறை மோதினால் 28 ஆட்டங்கள். அதே லீக்கில் 12 அணிகள் என்றால் 66. அணிகள் ஒன்றரை மடங்குதான் ஆயின, ஆட்டங்கள் இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டன. ஒரு சுற்றை ஒரே ஞாயிற்றுக்கிழமையில் முடிக்க வேண்டுமானால் 6 மைதானங்கள், 12 நடுவர்கள், 12 ஸ்கோரர்கள் வேண்டும். ஆட்டத்துக்கு இரண்டு நடுவர்கள் என்கிறது கிரிக்கெட் விதித் தொகுப்பின் 2ஆம் விதி, இரண்டு ஸ்கோரர்கள் என்கிறது 3ஆம் விதி. விதியில் எழுதியாயிற்று, சரி. ஞாயிறு காலையில் "சார், இன்னைக்கு வர முடியல" என்று வரும் போனை எடுப்பது யார்?

அணிகளை இரண்டு பிரிவாகப் பிரித்துவிடலாமே என்பார்கள். பிரித்தால் 66 ஆட்டங்கள் 30 ஆகிவிடும், உண்மைதான். ஆனால் ஒரு அணிக்கு 11 ஆட்டம் கிடைத்த இடத்தில் 5தான் கிடைக்கும். ஐந்து ஆட்டத்தில் ஒன்றில் மழை, ஒன்றில் எதிரணி வராமல் வாக்ஓவர் என்று போனால், பையன் சீசன் முழுக்க மூன்று முறை பேட் பிடித்திருப்பான். அதை வைத்துக்கொண்டு தேர்வுக் குழு உட்கார்ந்து என்ன பேசும்? அப்புறம், யார் மேல் பிரிவு, யார் கீழ்ப் பிரிவு என்ற சண்டை தனி. கீழே போடப்பட்ட கிளப் அடுத்த வருடம் வேறு பெயரில் புது அணியாகப் பதிவுசெய்ய வரும். படிவத்தில் அதுவும் ஒரு வளர்ச்சிதான்.

என் அனுபவத்தில் ஆட விரும்புகிறவர்களுக்குப் பஞ்சமே வந்ததில்லை. நாள் முழுக்க வெயிலில் நின்று மற்றவர்கள் ஆடுவதை நடத்திக்கொடுக்க விரும்புகிறவர்களுக்குத்தான் பஞ்சம். நடுவர் பயிற்சி வகுப்பு வைத்தால் ஆர்வமாக வருகிறார்கள், தேர்விலும் நன்றாகவே எழுதுகிறார்கள். பந்து காலில் பட்டு அவுட் ஆகும் எல்பிடபிள்யூவுக்குப் பந்து எங்கே பிட்ச் ஆக வேண்டும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்கள். ஆனால் முதல் சீசன் முடிவதற்குள் பாதிப் பேரைக் காணோம். காரணம் பணமில்லை. நன்றாகத் தெரிந்தவனே நடுமைதானத்தில் வந்து கத்துகிறான். சிறிய வட்டாரத்தில் நடுவர் எல்லோருக்கும் தெரிந்தவர். பந்துவீச்சாளர் கூடப் படித்தவனாக இருப்பான், கேப்டன் வேலை செய்யும் இடத்தில் மேலதிகாரியாக இருப்பார். அவுட் கொடுத்துவிட்டு மறுநாள் காலை அவர் முகத்தில்தான் விழிக்க வேண்டும்.

2017இல் வந்த விதித் தொகுப்பில் வீரர்களின் நடத்தைக்கென்றே 42ஆம் விதி சேர்ந்தது. குற்றத்தை நான்கு நிலைகளாகப் பிரித்து, கடைசி நிலையில் ஆட்டக்காரரை அந்த ஆட்டம் முழுவதற்கும் வெளியே அனுப்பலாம் என்று நடுவருக்கு அதிகாரம் கொடுத்தார்கள். நல்ல விதி. ஆனால் அதைப் பயன்படுத்தும் தைரியம் 19 வயதுப் புது நடுவருக்கு எங்கிருந்து வரும்? சங்கம் பின்னால் நிற்கும் என்று தெரிந்தால்தான் வரும். புதிய நடுவரைத் தனியாக அனுப்புவதை நிறுத்தினோம். எதிர்முனையில் கட்டாயம் அனுபவசாலி ஒருவர் இருக்க வேண்டும். ஆட்டம் முடிந்த மாலையே புகார் கேட்பதையும் நிறுத்தினோம். கேப்டன் மறுநாள் எழுத்தில் கொடுக்கட்டும். ராத்திரி தூங்கி எழுந்தால் முக்கால்வாசிப் புகார்கள் வருவதே இல்லை.

ஸ்கோரர்கள் விஷயத்தில் நிலைமை எதிர்பாராத பக்கத்திலிருந்து மாறியது. மொபைலில் பந்துக்குப் பந்து பதியும் செயலிகள் வந்த பிறகு, கணக்குப் புத்தகத்தைத் தொடப் பயந்த பதின்வயதுப் பிள்ளைகள் ஆர்வமாக உட்கார்ந்தார்கள். வேறு ஊரில் இருக்கும் உறவினர்கள்கூட நேரலையில் ஸ்கோர் பார்க்கிறார்கள். கூடவே ஒரு தொல்லையும் வந்தது. இப்போது ஒவ்வொருவனுக்கும் தன் சராசரி மூன்று தசம இடம் வரை மனப்பாடம். "அந்த ரன் பை இல்லை சார், என் பேட்டில் பட்டது" என்று இரவு பதினோரு மணிக்கு அழைக்கிறான். பை என்றால் அந்த ரன் அவன் கணக்கில் சேராதே! அணி தோற்றதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. ஆனாலும் யாருமே ஸ்கோர் எழுதாமல் விரலை மடக்கி எண்ணிய காலத்துக்கு இது எவ்வளவோ மேல்.

மைதானம் பற்றி நிறையச் சொல்ல வேண்டும். சிறிய வட்டாரத்தில் கிரிக்கெட்டுக்கென்று மட்டும் ஒரு மைதானம் இருப்பது அபூர்வம். கால்பந்தோடும் தடகளத்தோடும் பகிர்ந்துகொள்வதுதான் நடைமுறை. நடுவில் கான்கிரீட் போட்டு அதன்மேல் செயற்கை விரிப்பு விரித்துக்கொள்வோம். புல்தரை ஆடுகளம் 20.12 மீட்டர் நீளம், 3.05 மீட்டர் அகலம். செயற்கை ஆடுகளத்துக்கு விதி கொஞ்சம் இறங்கிவருகிறது: குறைந்தது 17.68 மீட்டர் நீளமும் 1.83 மீட்டர் அகலமும் இருந்தால் போதும். பராமரிப்பு குறைவு, மழை நின்றதும் ஆடலாம், ஒரே நாளில் இரண்டு ஆட்டம்கூட நடத்தலாம். ஆட்டங்களின் எண்ணிக்கையை ஏற்ற வேண்டுமென்றால் இதைவிட்டால் வழியில்லை.

ஆனால் அதிலேயே வளர்ந்த பேட்ஸ்மேனுக்குப் பந்து எப்போதும் ஒரே உயரத்தில் எழும்பும். முன்காலில் போய்க் கண்ணை மூடிக்கொண்டு டிரைவ் அடிப்பான். வெளியே பெரிய போட்டிக்குப் புல்தரையில் ஆடப் போகும்போது ஒரு பந்து முட்டிக்குக் கீழே தங்குகிறது, அடுத்தது தையலில் பட்டுத் திரும்புகிறது. இங்கே சதம் மேல் சதமாக அடித்தவன் அங்கே இருபதைத் தாண்ட முடியாமல் திரும்புகிறான். "திறமை பத்தவில்லை" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். அவனிடம் குறைந்தது திறமையில்லை, தரை.

சரி, புல்தரையே போட்டுவிடலாம் என்றால், ஆடுகளம் என்பது விதைத்துவிட்டுக் காத்திருக்கும் வேலையில்லை. களிமண் சரியாக இருக்க வேண்டும், ஈரம் சரியான அளவில் இருக்கும்போது ரோலர் ஓட வேண்டும், அதுவும் நாள்கணக்கில். இன்னிங்ஸ்களுக்கு நடுவே அதிகபட்சம் 7 நிமிடம்தான் ரோலர் ஓட்டலாம் என்கிறது விதி. அதற்குள் எதையும் சரிசெய்ய முடியாது, முன்பே செய்திருக்க வேண்டும். ஒரே ஒரு ஆடுகளப் பட்டை இருந்தால் சில வாரங்களிலேயே தேய்ந்துவிடும். மாற்றி மாற்றிப் பயன்படுத்தப் பக்கத்தில் இன்னும் சில பட்டைகள் வேண்டும். இத்தனையும் தெரிந்த ஆள் பெரும்பாலும் வட்டாரத்துக்கு ஒருவர்தான். அவர் ஓய்வுபெறும் நாளில் அந்த அறிவும் கூடவே வீட்டுக்குப் போய்விடும். எழுதிவைத்ததும் இல்லை, சீடனும் இல்லை. எங்கள் கூட்டங்களில் அதிகம் இழுத்தடித்த விவாதம், இருக்கிற பணத்தில் ஒரு புல்தரை மைதானமா, பல செயற்கை ஆடுகளங்களா என்பதுதான். என் கட்சி, ஆட்டத்துக்குச் செயற்கை, பயிற்சி வலைக்குள் புல்தரை. வலைக்குள்ளாவது பந்து தாழும் என்று பையனுக்குத் தெரியட்டும். பார்க்க அழகாக இருக்காது, திறப்பு விழாவுக்கும் யாரும் வர மாட்டார்கள். கோப்பை வாங்கித்தர எப்போதும் ஆள் உண்டு, ரோலர் பழுதுபார்க்கத் தருகிறேன் என்று ஒருவரும் சொன்னதில்லை.

அடுத்தது, பெரிய மேடையில் போய் அடிவாங்குவது. சர்வதேச கிரிக்கெட் கவுன்சிலான ஐசிசி தன் உறுப்பு நாடுகளுக்கெல்லாம் சர்வதேச டி20 தகுதியைத் திறந்துவிட்டது. பெண்களுக்கு 2018 ஜூலையிலிருந்து, ஆண்களுக்கு 2019 ஜனவரியிலிருந்து. அதன் பிறகு வந்த சில ஸ்கோர்கள் உலகம் முழுக்கச் சிரிப்பாகப் பரவின. 2023 பிப்ரவரியில் ஸ்பெயினுக்கு எதிராக ஐல் ஆஃப் மேன் 10 ரன்னுக்கு ஆல் அவுட். ஸ்பெயின் இரண்டே பந்தில் முடித்துவிட்டது. 2024 நவம்பரில் நைஜீரியா எடுத்த 271க்குப் பதிலாக ஐவரி கோஸ்ட் 7 ரன். நம் பக்கத்திலும் இந்திய மாநில அணிகள் மோதும் ரஞ்சிக் கோப்பை 2018-19இல் ஒரே பாய்ச்சலில் 28 அணிகளிலிருந்து 37 ஆனது. மிசோரமுக்கு எதிராக 2022இல் பீகாரின் சகிபுல் கனி முதல்தர அறிமுகத்திலேயே 341 அடித்தார். அதே சீசனில் நாகாலாந்துக்கு எதிராக ஜார்க்கண்ட் முன்னிலையை ஆயிரம் ரன்னுக்கு மேல் கொண்டுபோய் நிறுத்தியது.

இதையெல்லாம் பார்த்துத் "தரம் கெட்டுவிட்டது, இவர்களை எதற்குச் சேர்த்தார்கள்" என்று கேட்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கதவு மூடியிருந்தபோதும் இந்த இடைவெளி அப்படியேதான் இருந்தது, ஸ்கோர்போர்டில் தெரியவில்லை, அவ்வளவுதான். என் சந்தேகம் வேறு. ரஞ்சியில் சேர்ந்த புதிய அணிகளுக்கு வெளிமாநிலத் தொழில்முறை ஆட்டக்காரர்களைச் சேர்த்துக்கொள்ள அனுமதி உண்டு. 2018-19 ரஞ்சி சீசனிலேயே அதிக ரன், 1331, எடுத்தவர் சிக்கிமுக்கு ஆடிய மிலிந்த் குமார். டெல்லிக்காரர், பின்னாளில் அமெரிக்க அணிக்கும் ஆடினார். மனிதர் தன் வேலையைப் பிரமாதமாகச் செய்தார், குறையே சொல்ல முடியாது. ஆனால் அப்படி வருகிற ஒருவர் சீசன் முடிந்து ரயிலேறும்போது உள்ளூர்ப் பையன்களிடம் என்ன மிச்சமிருக்கும்? எங்கள் கிளப்புகளும் சிறிய அளவில் இதையே செய்கின்றன. வெளியாளைக் கொண்டுவருவதற்கு நான் எதிரியில்லை. ஆட்டம் இல்லாத நாளிலும் இருந்து ஜூனியர் பையன்களுக்கு வலையில் பந்து போட வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதச் சொல்வேன். அந்த ஒரு வரிக்காக மனஸ்தாபமாகி என்னோடு பேச்சை நிறுத்திய கிளப்காரர்கள் உண்டு.

எதிர்த்திசைப் பயணமும் இருக்கிறது. டப்ளினில் பிறந்த இயான் மோர்கன் 2007 உலகக் கோப்பையில் அயர்லாந்துக்கு ஆடினார், 2019இல் இங்கிலாந்தின் கேப்டனாக அதே கோப்பையைத் தூக்கினார். சின்ன இடத்தில் முளைப்பதில் மிகச் சிறந்தது பெரிய இடத்துக்குப் போகத்தான் செய்யும். நல்ல பையன் வேறு இடத்தில் ஆட என்.ஓ.சி என்ற தடையில்லாச் சான்று கேட்டு வந்தால் கடிதத்தை மேசைக்குள் போட்டு மாதக்கணக்கில் இழுத்தடிக்கும் நிர்வாகிகளைப் பார்த்திருக்கிறேன். பிடித்துவைத்த பையன் நமக்காக மனம் வைத்து ஆடுவான் என்று எப்படித்தான் நம்புகிறார்களோ! மோர்கனைப் போலவே இங்கிலாந்துக்குப் போன எட் ஜாய்ஸ் 2011இல் அயர்லாந்துக்கே திரும்பிவந்து ஆடினார். கடிதத்தை அன்றே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால்தான் திரும்பிவர முகமாவது இருக்கும்.

பெண்கள் கிரிக்கெட்டில்தான் அந்தக் கட்டத்து எண்ணுக்குக் கொஞ்சம் பொருள் இருக்கிறது. அங்கே ஆரம்பமே சூனியத்திலிருந்து என்பதால் ஒரு அணி கூடினால் அது உண்மையான கூடுதல். சிரமமும் வேறுவிதம். பெண்களுக்கான பந்து 140 முதல் 151 கிராம், 13 வயதுக்குட்பட்டவர்களுக்கு 133 முதல் 144, ஆண்களுக்கு 155.9 முதல் 163. கடைக்காரருக்கு எழுதிக்கொடுத்தாலும் மூன்றுக்கும் ஆண்கள் பந்தையே அனுப்பிவிடுவார். எல்லாம் சிவப்பு, எல்லாம் உருண்டை! பந்துப் பெட்டி வந்ததும் தராசில் வைப்பதை இப்போது வழக்கமாக்கிவிட்டோம். இன்னொரு விஷயம், எங்கள் ஸ்கோரர்களில் நம்பி ஒப்படைக்கக்கூடியவர்கள் பெரும்பாலும் இந்தப் பெண்கள் அணிகளிலிருந்து வந்தவர்கள். அவர்களில் சிலர் நடுவர் தேர்வும் எழுதி ஆண்கள் லீக்கில் நிற்கிறார்கள். கத்துகிறவர்கள் அவர்கள் முன் கொஞ்சம் குரலைத் தாழ்த்துகிறார்கள் என்பதையும் கவனித்திருக்கிறேன். எதனால் என்று ஆராயப் போகவில்லை, லாபம் என்று வைத்துக்கொண்டேன்.

இந்த சீசனிலிருந்து, பதிவுசெய்யும் ஒவ்வொரு கிளப்பும் ஒரு நடுவரையும் ஒரு ஸ்கோரரையும் கூட்டிவர வேண்டும், அவர்கள் தங்கள் அணி ஆடாத ஆட்டத்தில் நிற்க வேண்டும் என்று விதி போட்டோம். அறிவிப்பு போன அன்றே போன்கள். "விளையாடத்தானே கிளப் வைத்திருக்கிறோம், ஆள் பிடிக்கவா?" என்றார் ஒருவர். சில கிளப்புகள் விலகின. சில கிளப்புகள் பேருக்கு ஒரு பெயரைக் கொடுத்தன, அந்தப் பெயருக்குரியவரை இதுவரை எவரும் பார்த்ததில்லை. இன்னும் சில, முட்டி போய் ஆட்டத்தை விட்ட தங்கள் பழைய ஆட்டக்காரர்களைத் தேடிப்பிடித்துக் கொண்டுவந்தன. அவர்கள்தான் இப்போது சீக்கிரம் வந்து ஸ்டம்ப் நடுகிறவர்கள். ஆள் அனுப்பாத கிளப்புக்குப் புள்ளி குறைப்பதா, அபராதத்தோடு விடுவதா என்பது அடுத்த செயற்குழுவில் வருகிறது. என் ஓட்டு புள்ளிக் குறைப்புக்குத்தான். அணிகளின் எண்ணிக்கை இந்த வருடம் குறைந்திருக்கிறது, வாரியத்துக்கான விளக்கக் கடிதத்தை இப்போதே எழுத ஆரம்பித்துவிட்டேன்.