பரிசுக்குத் தைத்த குயில்ட்கள்: எது சீக்கிரம் முடிந்தது, எது இழுத்தடித்தது

இந்த வருடம் யாருக்குப் பரிசு கொடுப்பதாக இருந்தாலும் நானே தைத்த குயில்ட்தான், அதாவது துணித் துண்டுகளை இணைத்துத் தைக்கிற போர்வைதான் என்று முடிவு பண்ணிவிட்டேன். வேலைப்பாடு அதிகம் இல்லாத, சீக்கிரம் முடிகிற மாதிரிகளாகப் பார்த்து ஒவ்வொன்றாகத் தைத்துக்கொண்டிருக்கிறேன். கொஞ்சம் சேர்ந்துவிட்டதால் இதுவரை வந்த அனுபவத்தை எழுதி வைக்கிறேன்.

முதலில் ஒரு விஷயம். "ரொம்ப ஈஸி", "ஒரே நாளில் முடிக்கலாம்" என்று சொல்கிற மாதிரிகள் பெரும்பாலும் மேல்துணியைப் பற்றி மட்டும்தான் பேசுகின்றன. குயில்ட் என்றால் மேல்துணி, நடுவில் பஞ்சு விரிப்பு, அடித்துணி என்று மூன்று அடுக்கு. மூன்றையும் அசையாமல் சேர்த்துப் பிடிக்கணும், ஊடே தைக்கணும், சுற்றிலும் பட்டி வைத்து ஓரத்தை மூடணும். நேரத்தை விழுங்குவது இந்தப் பின்வேலைதான். அதனால் நான் மாதிரியைத் தேர்ந்தெடுக்கும்போது மேலே எத்தனை துண்டு என்று பார்ப்பதை விட்டுவிட்டேன். அடித்துணிக்கு ஒட்டுப் போடணுமா, பட்டி வைக்கணுமா, ஊடே எவ்வளவு நெருக்கமாகத் தைக்கணும் என்ற மூன்று கேள்விதான் கேட்கிறேன்.

பட்டிகளை வரிசையாகத் தைத்தது

ஆரம்பித்தது இதில். கடையிலேயே இரண்டரை இஞ்ச் அகலத்தில் வெட்டிச் சுருட்டி வரும் பட்டிக் கட்டு, ஜெல்லி ரோல் என்று சொல்வார்களே, அதில் ஒன்று. பொதுவாக 40 பட்டி இருக்கும், ஒவ்வொன்றும் சுமார் 42 இஞ்ச் நீளம். எல்லாவற்றையும் தலையும் வாலுமாகச் சேர்த்து ஒரே நீளப் பட்டியாக்கணும். பிறகு அதன் இரு முனைகளும் சேரும்படி பாதியாக மடித்து, நல்ல பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்கும்படி வைத்து ஓரமாக ஒரே ஓட்டு. மடிப்பில் வெட்டினால் இரண்டு பட்டி அகலத்தில் ஒரு துணி. அதை மறுபடி பாதியாக மடித்து ஓட்டு. இப்படி ஐந்து முறை.

கணக்கு அழகாக இருக்கும். கால் இஞ்ச் ஓரம் விட்டுத் தைப்பதால் அகலம் 2.5, 4.5, 8.5, 16.5, 32.5, கடைசியில் 64.5 இஞ்ச் என்று வளரும். நீளம் ஒவ்வொரு முறையும் பாதியாகும். முதல் பட்டியில் 18 இஞ்ச் வெட்டி எறிந்துவிட்டு ஆரம்பித்தால் சுமார் 1640 இஞ்சில் தொடங்கி 51 இஞ்சில் வந்து நிற்கும். ஒருவர் கால் நீட்டி உட்கார்ந்து போர்த்திக்கொள்ளச் சரியான அளவு. அந்த 18 இஞ்சை வெட்டுவது சும்மா இல்லை. வெட்டாவிட்டால் மடிக்கும்போது ஒட்டுகள் எல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாக வந்து விழும். பட்டிகளின் முனைகளை மூலைக்கு மூலை சாய்வாக இணைத்தால் ஒட்டு கண்ணுக்கு உறுத்தாது, ஆனால் ஒவ்வொரு ஒட்டிலும் இரண்டரை இஞ்ச் போய்விடும். முடிவில் அந்த 51 இஞ்ச் நீளம் 49 இஞ்சுக்கு இறங்கிவிடும். நான் நேராகவே இணைத்தேன்.

முதல் ஓட்டு மட்டும் 800 இஞ்சுக்கு மேல், அதாவது 68 அடி. மெஷினை விட்டு எழுந்திருக்கவே தோன்றாது. பாபினில் நூல் தீர்வதுதான் ஒரே தொந்தரவு, அதற்கு முன்கூட்டியே நாலைந்து பாபின் சுற்றி வைத்துக்கொண்டால் போச்சு. நீளப் பட்டி முறுக்கிக்கொள்ளாமல் இருக்க, அதை ஒரு கூடையில் அடுக்கடுக்காக இறக்கி வைத்து அங்கிருந்து இழுத்துக்கொள்வது நல்லது. எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எது வரும் என்று நாம் தீர்மானிக்கவே முடியாது. அதுதான் இதில் உள்ள சுகமும். பொருத்தம் பார்த்துப் பார்த்து நேரம் போகிறவர்களுக்கு இது மருந்து.

மேல்துணி நிஜமாகவே மளமளவென்று முடிந்தது. அதற்குப் பிறகுதான் மேலே சொன்ன கதை. 51 இஞ்ச் பக்கத்துக்கு 44 இஞ்ச் அகல அடித்துணி எட்டாது, ஒட்டுப் போடணும். ஓரத்தில் பட்டி வைக்கவேண்டிய சுற்றளவு 231 இஞ்ச். மேல்துணியைத் தைத்ததைவிட இந்த இரண்டும் நேரம் எடுத்தன.

பத்து இஞ்ச் சதுரங்கள்

அடுத்து, வெட்டியே வரும் பத்து இஞ்ச் சதுரக் கட்டு. லேயர் கேக் என்ற பெயரில் வருவதில் 42 சதுரம் இருக்கும். 6 வரிசையில் 7 என்று வைத்தால் துல்லியமாக 42, ஒன்றுகூட மிச்சமில்லை. தைத்து முடித்ததும் 57 க்கு 66 அரை இஞ்ச். பூப்போட்ட துணி, பெரிய அச்சு உள்ள துணி எல்லாம் இதில்தான் முழுசாகத் தெரியும். சின்னச் சின்னதாக வெட்டினால் பெரிய பூவின் ஒரு இதழ் மட்டும் எங்கோ ஒரு மூலையில் தொங்கும்.

சதுரங்கள் சந்திக்கும் முனை நேராக வர நல்ல வழி இஸ்திரிதான். முதல் வரிசையின் தையல் ஓரங்களை எல்லாம் வலப்பக்கம் சாய்த்து அழுத்தணும், அடுத்த வரிசையை இடப்பக்கம். இரண்டு வரிசையையும் சேர்க்கும்போது எதிரெதிராகச் சாய்ந்த ஓரங்கள் ஒன்றுக்குள் ஒன்று பொருந்தி உட்காரும். விரலால் தடவினாலே தெரியும், மேடு இல்லாமல் வழுவழுவென்று இருக்கும். அந்த இடத்தில் குண்டூசி குத்தாமலேயே தைக்கலாம். இஸ்திரிப் பெட்டியைத் தூக்கித் தூக்கி வைத்து அழுத்தணும். இழுத்துத் தேய்த்தால் துணி நீண்டு சதுரம் சாய்சதுரமாகிவிடும்.

அடித்துணி விஷயத்தில் ஒரு சிக்கனம் கண்டுபிடித்தேன். சுற்றிலும் நாலு இஞ்ச் கூடுதலாக வேண்டும் என்று வைத்தால் 65 க்கு 74 அரை இஞ்ச் துணி தேவை. ஒட்டை மேலிருந்து கீழாகப் போட்டால் 74 அரை இஞ்ச் நீளத்தில் இரண்டு துண்டு, மொத்தம் 149 இஞ்ச். அதே ஒட்டைப் படுக்கைவாக்கில் போட்டால் 65 இஞ்ச் நீளத்தில் இரண்டு துண்டு போதும், 130 இஞ்ச். கிட்டத்தட்ட அரை மீட்டர் மிச்சம். அந்த மிச்சத்தில் பட்டிக்கு வேண்டிய துணி முழுவதும் வந்துவிடும்.

ஊடே தைப்பதற்கு நேர்கோடு வேண்டாம் என்று சொல்வேன். ஒட்டின் பள்ளத்திலேயே ஊசி இறங்கணும் என்று தைத்தால், ஒரு நூல் விலகினாலும் தெரியும். மெல்ல வளைந்து வளைந்து போகிற அலைக்கோடு எதையும் காட்டிக்கொடுக்காது. மேல்துணியையும் அடித்துணியையும் ஒரே வேகத்தில் தள்ளும் வாக்கிங் ஃபுட் இருந்தால் மட்டும் போதும். தையல் நீளத்தை 3 க்கு வைத்து, நடுவில் தொடங்கி வெளிப்பக்கமாகப் போனேன். கோடுகளுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி விடலாம் என்பது பஞ்சு விரிப்பின் உறையிலேயே போட்டிருக்கும். இதை ரொம்பப் பேர் பார்ப்பதே இல்லை. எட்டு இஞ்ச் வரை விடலாம் என்று போட்ட விரிப்பு கிடைத்தால் வேலை பாதியாகக் குறையும்.

புரட்டிப் போடுகிற குழந்தைக் குயில்ட்

நான் கேட்ட மூன்று கேள்விக்கும் நல்ல பதில் சொன்னது இதுதான். ஆறரை இஞ்ச் சதுரங்கள் 42, தைத்தால் 36 க்கு 42 இஞ்ச். 44 இஞ்ச் அகலத் துணியில் ஒட்டே இல்லாமல் அடித்துணி வந்துவிடுகிறது. பட்டியும் வேண்டாம்.

தலையணை உறை தைக்கிற முறைதான். கீழே பஞ்சு விரிப்பு, அதன்மேல் அடித்துணி நல்ல பக்கம் மேலே தெரியும்படி, அதன்மேல் மேல்துணி நல்ல பக்கம் கீழே பார்க்கும்படி. சுற்றிலும் குண்டூசி குத்தி, ஒரு பக்கத்தில் பத்து இஞ்ச் மட்டும் விட்டு, மற்ற இடமெல்லாம் தைக்கணும். திறப்பின் இரு முனையிலும் முன்னும் பின்னுமாக ஓட்டி இறுக்கிக்கொள்ளணும், புரட்டும்போது அங்கேதான் தையல் விடும். மூலைகளில் கூடுதல் துணியைத் தையலை ஒட்டிச் சாய்வாக நறுக்கிவிட்டு உள்ளே கையை விட்டு வெளியே புரட்டினால் குயில்ட் வந்து நிற்கும். மூலையைக் குத்தித் தள்ளக் கத்தரிக்கோல் முனை வேண்டாம், மழுங்கிய பின்னல் ஊசி போதும். திறப்பை உள்ளே மடித்து, சுற்றிலும் ஓரத்திலிருந்து கால் இஞ்ச் தள்ளி ஒரு தையல் போட்டால் திறப்பும் மூடிக்கொள்ளும்.

இந்த அளவுக்கு மேலே போனால் இந்த முறை சரிப்படாது. பெரிய குயில்டைப் புரட்டும்போது உள்ளே பஞ்சு ஒரு பக்கம் நகர்ந்து, அடித்துணி தொளதொளவென்று தொங்கும்.

ஊடே தைப்பதற்குப் பதிலாக முடிச்சுப் போட்டேன். தடிமனான எம்பிராய்டரி நூலை சதுரங்கள் சந்திக்கும் முனையில் மேலிருந்து இறக்கி, கால் இஞ்ச் தள்ளி மேலே எடுத்து, இரண்டு முறை எதிரெதிராக முடிச்சு. இடம் வலம் மாற்றிப் போடாவிட்டால் வழுக்கி அவிழும். ஆறு இஞ்சுக்கு ஒரு முடிச்சு விழுவதால் அதைத் தாங்கும் பஞ்சு விரிப்பாகப் பார்த்து எடுக்கணும். குழந்தைக்கு என்பதால் முடிச்சின் வாலை எல்லாம் உள்ளே செருகிவிட்டேன். பிஞ்சு விரலில் நூல் சுற்றிக்கொள்ளக் கூடாது. பொத்தான், ரிப்பன் எதுவும் வைக்கவில்லை.

கொடுக்கும்போது ஒன்று சொல்லியே ஆகணும். ஒரு வயதுக்குள் இருக்கிற குழந்தை தூங்கும் இடத்தில் போர்வை, தலையணை, மெத்தென்ற எதுவும் இருக்கக் கூடாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் சொல்கிறது. மூச்சு முட்டும் அபாயம்தான் காரணம். ஆகவே இது தரையில் விரித்து, பெரியவர்கள் பக்கத்தில் இருக்கும்போது குழந்தையைக் குப்புறப் போட்டு விளையாடவிட. சின்ன அட்டையில் எழுதியே வைத்துவிடுகிறேன். அழகான துணியாச்சே என்று தூங்கும் குழந்தைமேல் போர்த்திவிடுவார்கள்.

பிசிறு விடுகிற குயில்ட்

இதைத் தைக்கிறபோது குதூகலம், முடிக்கிறபோது கை வலி. ஃபிளானல் துணியில் எட்டு இஞ்ச் சதுரங்கள், இரண்டுக்கு நடுவே ஆறரை இஞ்ச் பஞ்சு, மேலே பெருக்கல் குறி போல இரண்டு தையல். ஒவ்வொரு சதுரமும் அப்போதே முழுக் குயில்ட். பிறகு அரை இஞ்ச் விட்டு ஒன்றோடொன்று தைக்கும்போது ஓரங்கள் முன்பக்கம் துருத்திக்கொண்டு நிற்கும்படி வைக்கணும். அந்த ஓரங்களை அரை இஞ்சுக்கு ஒரு வெட்டாக, தையலைத் தொடாமல் நறுக்கிவிட்டுத் துவைத்தால் பிசிறு பிசிறாக மலர்ந்து விடும். பட்டி வேண்டாம், மூன்று அடுக்கையும் பரப்பி ஊக்குக் குத்துகிற வேலை வேண்டாம், முனைகள் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் பிசிறில் மறைந்துபோகும்.

ஆனால் அந்த நறுக்கல்! 42 இஞ்ச் குயில்டில்கூட ஆயிரத்துக்கு மேல் வெட்டு வரும். ஸ்பிரிங் வைத்த கத்தரி இல்லாமல் இறங்காதீர்கள். கொடுப்பதற்கு முன் நாமே இரண்டு மூன்று முறை துவைத்துவிடவேண்டும். முதல் துவையலில் உதிர்கிற பஞ்சுத் தும்பு மெஷின் ஃபில்டரை அடைத்துவிடும். பரிசு வாங்கியவர் வீட்டில் அது நடக்க வேண்டாம்.

ஈஸி என்று பெயர் வாங்கிய இரண்டு

முக்கோணம். ஐந்து இஞ்ச் சதுரம் இரண்டை நல்ல பக்கம் சேர்த்து வைத்து, மூலைக்கு மூலை கோடு போட்டு, கோட்டின் இருபுறமும் கால் இஞ்ச் தள்ளித் தைத்து, கோட்டில் வெட்டினால் இரண்டு நிறச் சதுரம் இரண்டு கிடைக்கும். மந்திரம் மாதிரி இருக்கும், தைக்கவும் வேகம். அதற்கப்புறம் ஒவ்வொன்றையும் நாலரை இஞ்சுக்குச் சதுரமாக நறுக்கி எடுக்கணும். தையலுக்கு ஆன நேரத்தைவிட நறுக்குவதற்கு அதிகமாகிறது. தேதி நெருங்கிய பரிசுக்கு இது ஆகாது.

இன்னொன்று பழைய டி-ஷர்ட் குயில்ட். தொடங்கும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள்: பனியன் துணி இழுபடும், அதனால் ஒவ்வொன்றின் பின்னாலும் ஒட்டுகிற கான்வாஸ் வைத்து இஸ்திரி போட்டு நிலைப்படுத்திய பிறகுதான் வெட்டணும். பெறுகிறவருக்கு இதைவிடச் சந்தோஷம் தரும் பரிசு இருக்காது, ஒத்துக்கொள்கிறேன். சீக்கிரம் முடிகிற வகையில் மட்டும் சேர்க்காதீர்கள்.

பட்டி பற்றி

பட்டி வைத்தே ஆகவேண்டிய குயில்ட்களில் கைத்தையலை விட்டுவிட்டேன். இரண்டரை இஞ்ச் பட்டியை நீளவாக்கில் பாதியாக மடித்து, முதலில் அடிப்பக்கம் வைத்து மெஷினில் ஓட்டி, பிறகு முன்பக்கம் திருப்பி ஓரத்தை ஒட்டி இன்னொரு ஓட்டு. முன்பக்கத் தையல் கண்ணுக்கு முன்னால் நடப்பதால் நேராக வரும். மூலைக்குக் கால் இஞ்ச் இருக்கும்போதே நிறுத்தி, பட்டியை மேலே தூக்கி மடித்து, அப்படியே கீழே இறக்கித் தொடர்ந்தால் மூலை கூர்மையாக வரும். மூலையை வட்டமாக வெட்டினால் நேர்ப்பட்டி சுருங்கும், துணியைச் சாய்வாக வெட்டிய கிராஸ் பட்டிதான் வளைந்து கொடுக்கும்.

இதைக்கூடத் தவிர்க்க நினைப்பவர்கள் அடித்துணியையே சுற்றிலும் ஓர் இஞ்ச் கூடுதலாக விட்டு, இரண்டு மடிப்பாக முன்பக்கம் கொண்டுவந்து தைத்துவிடலாம். ஓரம் தேயும்போது பட்டியை மட்டும் மாற்ற முடியாது என்பதே இதில் உள்ள குறை. அன்றாடம் புழங்கும் குயில்டுக்குத் தனிப்பட்டி, அலங்காரத்துக்கு இது என்று பிரித்துக்கொண்டேன்.

வெட்டி வரும் கட்டுகளை முன்கூட்டித் துவைக்கக் கூடாது, ஓரமெல்லாம் நூல் நூலாகப் போய்விடும். கரும்சிவப்பு, கருநீலம் இருந்தால் ஒரு ஓரத்தை நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்திச் சாயம் போகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்கிறேன். பருத்திப் பஞ்சு வைத்தது முதல் துவையலில் கொஞ்சம் சுருங்கிச் சுருக்கம் சுருக்கமாக ஆகும். எனக்கு அது பிடிக்கும், புதிதாக வாங்குகிறவர் பதறுவார், அதையும் அட்டையில் எழுதிவிடுவது.

இப்போது மெஷினில் இருப்பது இன்னொரு குழந்தைக் குயில்ட். 42 சதுரத்துக்குப் பதில் முழு அகலப் பட்டிகளை ஆறரை இஞ்சில் வெட்டி ஏழே ஏழு படுக்கை வரிசை, வெறும் ஆறு தையல். 36 இஞ்சுக்கு ஓரம் நறுக்கிவிட்டேன், புரட்டித் தைத்தாயிற்று. முடிச்சு நூலின் நிறம் மஞ்சளா சாம்பலா என்பதுதான் பாக்கி.