ராசாத்தி ஓடிய பன்னிரண்டு பர்லாங்

கடந்த 2024 டிசம்பரில், அம்மாவை அழைத்துக்கொண்டு மலை ரயிலில் உதகமண்டலம் சென்றேன். அவருக்கு அறுபத்தைந்து வயது. மூட்டுவலி இருந்தும் பூங்காவோ படகு இல்லமோ வேண்டாம், ரேஸ்கோர்ஸை மட்டும் ஒருமுறை பார்த்துவிட்டால் போதும் என்று அவர் பல மாதங்களாகக் கேட்டுவந்தார். அந்த ஆண்டு ஜூன் மாதத்தில் உதகை குதிரைப் பந்தய மைதானத்தை அரசு மீட்டுக்கொண்ட செய்தியைத் தொலைக்காட்சியில் பார்த்த நாளில் தொடங்கிய வேண்டுகோள் அது. செப்டம்பரில் சென்னை கிண்டி மைதானத்துக்கும் அதே நிலை வந்தபோது, "அப்பா வேலை செய்த இரண்டு இடமும் போய்விட்டதே" என்று அவர் சொன்னார். அதற்குப் பிறகு பயணத்தைத் தள்ளிப்போட எனக்கு மனம் வரவில்லை.

என் தாத்தா கிண்டியில் சைஸாக இருந்தவர். குதிரையைத் தேய்த்துக் குளிப்பாட்டி, கொள்ளு அவித்து வைத்து, அதிகாலையில் நடக்கவிட்டு, இரவில் லாயத்து வாசலிலேயே படுத்து உறங்கும் குதிரைக்காரர்களைப் பந்தய உலகில் சைஸ் என்பார்கள். ஏப்ரலில் சென்னை வெயில் ஏறத் தொடங்கியதும் குதிரைகளோடு அவரும் மலையேறிவிடுவார், ஜூனில்தான் திரும்புவார். 1870 முதல் மதராஸ் மாகாண அரசே கோடையில் உதகைக்கு இடம்பெயர்ந்து வந்த வழக்கத்தின் தொடர்ச்சி என்று இதைச் சொல்லலாம். ஆளுநரும் அதிகாரிகளும் வந்த ஊருக்குப் பந்தயமும் வந்தது. 1886இல் இங்கு மைதானம் அமைந்தது. ஆங்கிலேயர் போன பின்னும் அந்தக் கோடைப் பந்தயம் நிற்கவில்லை.

அந்த மைதானம் அமைந்திருக்கும் நிலத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. கோவை ஆட்சியராக இருந்த ஜான் சல்லிவன் 1820களில் ஓடைகளை மறித்து உருவாக்கிய ஏரி இன்று இருப்பதைவிடப் பெரியது. அதன் ஒரு பகுதியில்தான் பின்னர் பேருந்து நிலையமும் பந்தய மைதானமும் எழுந்தன. மலைகள் சூழ்ந்த ஊரில் இவ்வளவு பெரிய சமதளம் எப்படிக் கிடைத்தது என்ற கேள்விக்கு அதுவே விடை. மழைக்காலத்தில் அங்கே கால் வைத்தால் புல்லுக்கடியில் தண்ணீர் நகர்வது தெரியும் என்று தாத்தா சொல்வாராம்.

நாங்கள் சென்ற நாளின் காலையில் உறைபனி விழுந்திருந்தது. பேருந்து நிலையத்தைத் தாண்டியதும் அம்மா நின்றுவிட்டார். வேலிக்கு அப்பால் ஐம்பது ஏக்கருக்கும் மேற்பட்ட அந்த வெளி முழுவதும் சுண்ணாம்பு தூவியதுபோல் வெளுத்துக் கிடக்க, வெயில் பட்ட இடங்களில் மட்டும் புல் மெல்லப் பச்சை காட்டிக்கொண்டிருந்தது. கடைகளும் விடுதிகளும் வாகன நெரிசலும் நெருக்கும் நகரத்தின் நடுவே, எதுவும் கட்டப்படாத ஒரு நீள்வட்டம் நூற்று முப்பத்தெட்டு ஆண்டுகள் தப்பிப் பிழைத்திருப்பதை நேரில் பார்க்கும்போதுதான் அதன் அருமை விளங்குகிறது. இரண்டரை கிலோமீட்டருக்குச் சற்றே குறைந்த அந்தச் சுற்றுப் பாதையைத் தாத்தா ஒருபோதும் கிலோமீட்டரில் சொன்னதில்லை. "பன்னிரண்டு பர்லாங்" என்றே சொல்வார்.

அம்மா இங்கே வந்தது ஒரே ஒருமுறை, 1968இல், ஒன்பது வயதில். பாட்டிக்குப் பிரசவ நேரம் என்பதால் மூத்த பிள்ளையைத் தாத்தா தன்னோடு கூட்டிவந்திருக்கிறார். ஏழாயிரம் அடிக்கு மேலுள்ள ஊரில் சமவெளிக் குதிரைக்கு முதலில் மூச்சு வாங்கும், சில நாள் நடத்திப் பழக்கிய பிறகே ஓடவிட வேண்டும் என்பது அவருடைய கணக்கு. அந்த நடைப் பழக்கத்தின்போது அம்மாவும் கூடவே நடந்திருக்கிறார். குளிரில் கை விறைத்தால் குதிரையின் கழுத்துக்கும் பிடரி மயிருக்கும் இடையில் விரல்களை நுழைத்து வைத்துக்கொள்ளச் சொல்வாராம் தாத்தா. வேலியோரம் நின்று இதைச் சொன்ன அம்மா, தன்னையறியாமல் இரண்டு கைகளையும் மார்புயரத்துக்குத் தூக்கி விரல்களை மடக்கிக் காட்டினார்.

அந்தக் குதிரைக்கு ஏதோ ஓர் ஆங்கிலப் பெயர். தாத்தாவின் வாயில் அது ராசாத்தி. அந்தக் கோடையில் ராசாத்தி ஒரு பந்தயத்தில் முதலாவதாக வந்தது. கோப்பையை உரிமையாளர் வாங்கினார், ஜாக்கிக்குக் கைதட்டல் கிடைத்தது, தாத்தா கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றார். பழைய பந்தயப் பதிவேடுகளில் அந்தக் குதிரையின் பெயரும் உரிமையாளர் பெயரும் எங்காவது இருக்கக்கூடும். ஆனால் எங்கள் குடும்பத்தில் யாருக்கும் அந்த ஆங்கிலப் பெயர் தெரியாது, பதிவேட்டில் ராசாத்தி என்ற பெயர் இருக்காது. இந்த இடைவெளிதான் என்னை இந்தக் கட்டுரை எழுத வைத்தது. சைஸ்கள் வாழ்ந்ததற்கு ஏட்டில் சான்று குறைவு. அவர்கள் படுத்த லாயத்துத் திண்ணையும் நடந்த பாதையும்தான் சான்று.

பந்தயம் மீண்டும் நடக்க வேண்டும் என்று நான் வாதாட வரவில்லை. 1974இல் தமிழ்நாடு அரசு பந்தயத்தைத் தடை செய்யச் சட்டம் இயற்றியதும், அது திறமை சார்ந்த விளையாட்டே என்று 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததும் தெரிந்த வரலாறு. தீர்ப்பு எப்படியிருந்தாலும், தாத்தாவின் தம்பி சம்பளம் வாங்கிய அன்றே அதைக் கட்டித் தோற்றுவிட்டு வந்த இரவுகளைப் பாட்டி கடைசிவரை மறக்கவில்லை. ரேஸ் என்ற சொல்லையே வீட்டில் உச்சரிக்கவிட மாட்டார். 1978இல் முடிந்த உதகை மைதானத்தின் குத்தகை, எண்ணூறு கோடி ரூபாய்க்கும் மேல் வாடகை பாக்கி என்று அரசு வைத்த கணக்கு ஆகியவை குறித்தும் எனக்கு மறுப்பில்லை. பொது நிலம் பொதுமக்களிடம் வருவது நல்லதுதான். சூழல் பூங்கா அமைக்கும் திட்டத்தையும் வரவேற்கிறேன்.

ஆனால் பூங்கா என்றால் எப்படிப்பட்ட பூங்கா என்பதே என் கவலை. அலங்கார வளைவுகளும் செயற்கை நீரூற்றுகளும் வாகன நிறுத்தமும் அந்த வெளியைத் துண்டுபோட்டுவிட்டால், பிறகு எவராலும் அந்த நீள்வட்டத்தை மீட்க முடியாது. பாதையின் வளைவை அப்படியே விட்டுவைத்து, அதில் மக்கள் நடக்கலாம். நடுவிலுள்ள நிலம் ஒருகாலத்தில் ஏரியாக இருந்ததால், அதை மழைநீர் தேங்கும் ஈரநிலமாக இருக்க விடுவதே இயல்பானது. பழைய லாயங்களில் ஒன்றிரண்டையேனும் இடிக்காமல் காத்து, சைஸ்களும் லாடம் அடித்தவர்களும் புல் அறுத்துக் கொடுத்தவர்களும் உயிரோடிருக்கும்போதே அவர்கள் சொல்வதைப் பதிவு செய்து அங்கே வைக்கலாம். கட்டுவதைவிடக் காப்பதற்குச் செலவு குறைவாகவே ஆகும் என்று நம்புகிறேன்.

சாலையோரம் சுற்றுலாப் பயணிகளுக்காகக் குதிரையோடு நின்றிருந்த பெரியவரிடம் அம்மா பேச்சுக் கொடுத்தார். "ஐயா, அந்தக் காலத்து லாயமெல்லாம் எந்தப் பக்கம் இருந்தது?" அவர் மைதானத்தின் மறுகோடியைக் கை நீட்டிக் காட்டிவிட்டு, "உங்க வீட்டு ஆளு யாராச்சும் இங்க இருந்தாங்களாம்மா?" என்று கேட்டார். "எங்கப்பா. சைஸு" என்றார் அம்மா. பெரியவர் வேறொன்றும் கேட்காமல் தன் குதிரையின் கடிவாளத்தை அம்மாவிடம் நீட்டினார்.

அம்மா ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு, மறு கையின் விரல்களைப் பிடரி மயிருக்குள் நுழைத்தபடி, பனி உருகும்வரை அங்கேயே நின்றிருந்தார்.