அரைப் பங்கில் கிடைத்த ஆய்வுத் தலைப்பு

பட்டப்பின் கல்வி டிப்ளோமாவுக்குப் பதிந்த கையோடு என்னிடம் வருகிறவர்கள் முதலில் கேட்பது இதைத்தான்: "அக்கா, செயல்நிலை ஆய்வுக்கு என்ன தலைப்பு எடுக்கலாம்?" முந்திய தொகுதிக்காரர் ஒருவரின் அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு, பாடசாலைப் பெயரை மட்டும் மாற்றினால் பிடிபடுவோமா என்று கேட்டவரும் உண்டு. பிடிபடுவீர்கள். அதை விடுங்கள்.

நான் கணித ஆசிரியை. வேலைக்கு வந்து ஆறாவது வருடத்தில் இந்தப் படிப்பை முடித்தேன். பாடசாலை திருகோணமலை மாவட்டத்தில், நிலாவெளிக்கு வடக்கே, கரையோரம். அதற்குமேல் பாடசாலையைப் பற்றிச் சொல்லமாட்டேன். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

நான் முதலில் கொண்டுபோன தலைப்பு "திருகோணமலை மாவட்ட மீனவக் குடும்பங்களின் சமூகப் பொருளாதார நிலை மாணவர் அடைவில் செலுத்தும் தாக்கம்". எழுதி முடித்தபோது எனக்கே பெருமையாக இருந்தது. மேற்பார்வையாளர் ஒரு தரம் வாசித்துவிட்டு, "மாவட்டத்தில எத்தனை கல்வி வலயம் பிள்ளை?" என்றார். ஐந்து என்றேன். திருகோணமலை, திருகோணமலை வடக்கு, மூதூர், கிண்ணியா, கந்தளாய். "அஞ்சுக்கும் போய்வர எத்தனை நாள் லீவு மிச்சம் இருக்கு?" என்றார். தாளைத் திருப்பித் தந்துவிட்டார்.

லீவு ஒரு பக்கம். பெரிய பிழை வேறு. மீனவர் வீட்டு வருமானத்தை நான் என்ன செய்துவிட முடியும்? செயல்நிலை ஆய்வு என்றால் உங்கள் கைக்கு எட்டுகிற ஒன்றை மாற்றிப் பார்த்து, என்ன நடக்கிறது என்று கவனித்து, மறுபடி மாற்றிப் பார்ப்பது. கேர்ட் லெவின் 1946இல் இந்தச் சொல்லை வைத்து எழுதியபோதே, புத்தகங்களை மட்டும் பெற்றுத் தரும் ஆய்வு போதாது என்றுதான் வாதிட்டார். கெம்மிஸும் மக்டகார்ட்டும் பின்னர் அதைத் திட்டமிடல், செயற்படல், அவதானித்தல், மீளச் சிந்தித்தல் என்று சுழற்சியாக வகுத்தார்கள். இந்த நான்கு சொல்லும் எல்லா அறிக்கையிலும் வட்டப் படமாக இருக்கும். படத்தை வரைந்த பலர் வட்டத்தை ஒரு தரம்கூடச் சுற்றி வருவதில்லை.

தலைப்பு இல்லாமல் இரண்டு மாதம் போனது. அந்த நேரத்தில், படிப்பின் இன்னொரு பகுதியான சமூகச் செயற்றிட்டமும் வந்து தலையில் ஏறியது. எங்கள் குழுவில் ஆறு பேர். வழக்கமாக என்ன செய்வார்கள் என்று உங்களுக்குத் தெரியும்: ஒரு சிரமதானம், ஒரு பதாகை, பதாகைக்குப் பின்னால் நின்று ஒரு படம். எங்களுக்கும் அதுதான் எண்ணம். ஒரு சனிக்கிழமை பின்னேரம் கரையைப் பார்த்துவரப் போனோம், எந்தப் பக்கத்தைத் துப்புரவாக்கலாம் என்று.

கரைவலை இழுத்து முடிந்த நேரம். கீரி மீனும் சூடை மீனும் பெட்டியில் போய்விட்டன. மீனவர் கொட்டிலான வாடியின் வாசலில் பங்கு பிரிக்கிறார்கள். என் தரம் 7 வகுப்புப் பையன் ஒருவன் கயிற்றுக் குவியலின்மேல் இருந்தான். வகுப்பில் விகிதம் படிப்பித்து இரண்டு கிழமை. 2:1 என்று கரும்பலகையில் எழுதினாலே தலையைக் குனிந்துகொள்கிற பிள்ளை. "உனக்கும் பங்கு உண்டா?" என்று சும்மா கேட்டேன்.

"அரைப் பங்கு ரீச்சர். எழுநூற்றைம்பது வரும்."

"எப்படித் தெரியும்?"

செலவு போக நாற்பத்திரண்டாயிரம் என்றான். வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டிக்குப் பாதி. மிச்சம் இருபத்தோராயிரம். பன்னிரண்டு முழுப் பங்கு, நாலு அரைப் பங்கு. நாலு அரை ரெண்டு முழு, ஆகப் பதினாலு. "ஆளுக்கு ஆயிரம் குடுத்தாப் பதினாலாயிரம் போயிரும். ஏழாயிரம் மிஞ்சும். அது ஆளுக்கு ஐந்நூறு. ஆயிரத்தைந்நூறில பாதி எழுநூற்றைம்பது." கயிற்றிலிருந்து இறங்காமலே சொன்னான்.

திங்கட்கிழமை அதே கணக்கை அதே எண்களோடு, மீன் இல்லாமல், தாளில் கொடுத்தேன். வெறுந்தாளைத் தந்தான்.

தலைப்பு கிடைத்துவிட்டது: கரையில் வாயால் செய்கிற பங்குக் கணக்கைக் கொண்டு வகுப்பில் விகிதம் படிப்பிப்பது. இது எனக்கு மட்டும் தெரிந்த புதுமை என்று நினைத்து ஒரு கிழமை மிதந்துகொண்டிருந்தேன். பிறகுதான் இலக்கிய மீளாய்வுக்காகத் தேடும்போது பிரேசில் ஆய்வு அகப்பட்டது. ரெசிஃபே நகரச் சந்தையில் பொருள் விற்கும் ஐந்து பிள்ளைகளை வைத்து டெரெசீனா நூனெஸும் இன்னும் இருவரும் செய்து 1985இல் வெளியிட்டது. சந்தையில் வாங்குகிறவர் போல நின்று கேட்டால் நூற்றுக்கு 98 வீதம் சரி. அதே கணக்குகளை எண்ணாக மட்டும் எழுதிக் கொடுத்தால் ஏறக்குறைய 37 வீதம். வாசித்தபோது கொஞ்சம் மனம் சுருங்கித்தான் போனது. மேற்பார்வையாளர் சிரித்தார். நாற்பது வருடத்துக்கு முன் ரெசிஃபேயில் நடந்தது இங்கேயும் நடக்கிறது என்றால் உங்கள் ஆய்வுக்கு அது பலம்தானே என்றார். அதனால் சொல்கிறேன்: உங்களுக்கு முன்னால் யாரோ செய்திருப்பதைக் கண்டால் பயந்து தலைப்பை மாற்றாதீர்கள். அந்த ஐந்து பிள்ளைகளை வைத்துத்தான் என் இரண்டாம் அத்தியாயமே நின்றது.

இனி அனுமதி. அரச பாடசாலையில் தரவு சேர்க்கக் கடிதம் வேண்டும். மாகாணப் பாடசாலைக்கும் தேசிய பாடசாலைக்கும் போகவேண்டிய வழி வேறு. இரண்டாவது மத்திய கல்வி அமைச்சின் கீழ் வருவது. உங்கள் பாடசாலை எது என்று பார்த்துவிட்டு, பல்கலைக்கழகக் கடிதத்தை முன்மொழிவு ஏற்கப்பட்ட அன்றே கேளுங்கள். கிழக்கு மாகாணக் கல்வித் திணைக்களம் திருகோணமலையிலேயே இருப்பது நமக்கு வசதி. அதை நம்பி நான் கடைசி நேரம் போனேன். ஓர் அலுவலகத்தில் என் கடிதம் பிழையான கோப்புக்குள் மூன்று கிழமை தூங்கியது. நேரில் போய் நின்றபோதுதான் எழுந்தது. எதைக் கொடுத்தாலும் ஒரு போட்டோக்கொப்பியில் திகதி முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கால அட்டவணையையும் கவனியுங்கள். எங்களுக்குத் தரப்பட்ட மாதிரி அட்டவணையில் தரவு சேகரிப்பு நவம்பர், டிசம்பரில் இருந்தது. கொழும்பு மழையைப் பார்த்துப் போட்ட அட்டவணை அது. நமக்கு வடகீழ்ப் பருவமழை கொட்டுவது அப்போதுதான். வீதியில் வெள்ளம், வகுப்பில் பாதிப் பிள்ளைகள். சரி, வெயில் காலத்துக்கு மாற்றினால்? அப்போது கடல் அமைதி, கரைவலைக் காலம், பெரிய இழுப்பு விழுந்த நாளில் பையன்களைக் காணமுடியாது. நான் வரவு இடாப்பை இரண்டு வருடத்துக்குப் பின்னோக்கிப் புரட்டி, எந்தக் கிழமைகளில் வரவு நிலையாக இருந்தது என்று பார்த்துத்தான் நாள் குறித்தேன். இதற்கு எந்த மென்பொருளும் தேவைப்படவில்லை. ஒரு பின்னேரமும் ஒரு பென்சிலும் போதும்.

முதலாம் சுழற்சி படுதோல்வி. அதைக் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன், ஏனென்றால் வாய்மொழிப் பரீட்சையில் என்னைக் காப்பாற்றியது அதுதான். நான் வீட்டில் இருந்து மீன் கணக்குகள் பத்து தயாரித்தேன். முதலாவது இப்படித் தொடங்கியது: "ஒரு சம்மாட்டியும் 12 தொழிலாளரும் கிடைத்த பணத்தைச் சமமாகப் பங்கிட்டால்..." பின்வாங்கிலிருந்து ஒரு குரல்: "சம்மாட்டி எப்பிடி ரீச்சர் சமமா எடுப்பார்?" வகுப்பே சிரித்தது. அடுத்த கணக்கில் கீரியின் விலை பிழை. அதற்கடுத்ததில் நான் வலைக்குப் பங்கே வைக்கவில்லை. பிள்ளைகள் கணக்கைச் செய்யவில்லை, என்னைத் திருத்திக்கொண்டிருந்தார்கள்.

அன்று இரவு அவதானிப்புக் குறிப்பேட்டில் எழுதினேன்: இது அவர்களின் கணக்கு இல்லை, மீன் வாசம் பூசிய என் கணக்கு. இரண்டாம் சுழற்சியில் கணக்குகளைப் பிள்ளைகளே எழுதினார்கள். வீட்டில் கேட்டு, செலவு எது, பங்கு எப்படி என்று குறித்துக்கொண்டு வந்தார்கள். அரைப் பங்கு, முழுப் பங்கு, வலைப் பங்கு என்று பேசிக்கொண்டே 1:2 என்று எழுதத் தொடங்கினார்கள். குறியீடு கடைசியில்தான் வந்தது.

ஆனால் இன்னொரு குறை அதற்குள் வெளிப்பட்டது. முன்வாங்கில் இரண்டு பெண் பிள்ளைகள் பேசாமல் இருந்தார்கள். ஒருத்தியின் அப்பா முச்சக்கரவண்டி ஓட்டுகிறார், மற்றவளின் அம்மா தையல். அவர்களுக்குக் கரைவலைப் பங்கு எனக்கு எவ்வளவு தெரியுமோ அவ்வளவுதான் தெரியும். உள்ளூர்ச் சூழலை வகுப்புக்குக் கொண்டுவருகிறேன் என்று நான் பெருமைப்பட்ட இடத்தில் இரண்டு பேரை வெளியே நிறுத்தியிருக்கிறேன். பிறகு சீட்டுக் காசும் தையல் துணி அளவும் கணக்குக்குள் வந்தன. அந்த அம்மா தானாகவே வந்து ஒரு சட்டைக்கு எவ்வளவு துணி என்று காட்டிவிட்டுப் போனார்.

சமூகச் செயற்றிட்டம் என்ன ஆனது என்று கேட்பீர்கள். சிரமதானத்தைக் கைவிட்டோம். சனிக்கிழமை பின்னேரங்களில் அந்த வாடியிலேயே பாய் விரித்து, பிள்ளைகளோடு ஒரு மணி நேரம் வாசிப்பும் கணக்கும். எட்டுக் கிழமை. மழை வந்த இரண்டு கிழமை நடக்கவில்லை. ஆய்வும் சமூகப் பணியும் ஒரே இடத்தில் சேர்ந்ததால் எனக்குப் பாதி அலைச்சல் மிச்சம். முடியுமென்றால் நீங்களும் அப்படிச் சேர்த்துக்கொள்ளுங்கள், ஆனால் ஒப்படை ஒன்றாகவும் ஆய்வறிக்கை வேறாகவும் எழுதவேண்டும். ஒன்றிலிருந்து வெட்டி மற்றதில் ஒட்டினால் பிரச்சினை.

அங்கே ஒருநாள் ஒரு தகப்பன் என்னைத் தனியே கூப்பிட்டார். "ரீச்சர், நீங்க எழுதுறதை வாசிச்சிட்டு யாரும் வந்து பிள்ளையைக் கொண்டுபோவாங்களோ?" இலங்கையில் 5 முதல் 16 வயதுவரை கல்வி கட்டாயம். பள்ளி நாளில் கரையில் நிற்கும் பிள்ளையைப் பற்றி நான் எழுதினால் அவர் பயப்பட நியாயம் இருக்கிறது. அவருக்கு அங்கேயே எனக்குப் பதில் வரவில்லை. கையொப்பம் வாங்கிய ஒப்புதல் படிவம் என்னிடம் இருந்தது. அவர் அதை வாசிக்காமல் ரீச்சர் சொன்னதால் போட்டிருந்தார். அடுத்த சனிக்கிழமை எல்லாப் பெற்றோருக்கும் படிவத்தை வாசித்துக் காட்டி, விருப்பமில்லாதவர் விலகலாம் என்று சொன்னேன். இரண்டு பேர் விலகினார்கள். அவர்களுடைய பிள்ளைகள் பாடத்தில் இருந்தார்கள், தரவில் இல்லை.

பாடசாலையின் பெயரை மறைத்தால் போதும் என்று நினைக்கிறோம். "நிலாவெளிக்கு வடக்கே, கரைவலைக் கிராமம், இத்தனை மாணவர்" என்று எழுதினால் திருகோணமலைக்காரர் எவரும் பெயரைக் கண்டுபிடித்துவிடுவார். அறிக்கையில் நான் "கிழக்குக் கரையோரப் பாடசாலை ஒன்று" என்றுதான் எழுதினேன். இங்கே கொஞ்சம் கூடவே சொல்லிவிட்டேன் போல.

வாய்மொழிப் பரீட்சையில் இரண்டு கேள்விதான் உறைத்தது. முன்சோதனைக்கும் பின்சோதனைக்கும் ஒரே வினாத்தாளைக் கொடுத்திருக்கிறீர்களே, விடை ஞாபகத்தில் வந்ததா, விளங்கி வந்ததா? பிழை என்று ஒப்புக்கொண்டேன். எண்களையாவது மாற்றியிருக்கவேண்டும். அடுத்தது, இந்த வெற்றி உங்கள் முறையாலா, நீங்கள் காட்டிய கூடுதல் அக்கறையாலா? இதற்கு நேரான விடை இல்லை. முதலாம் சுழற்சியிலும் அதே அக்கறை இருந்தது, அது தோற்றது என்று குறிப்பேட்டைத் திறந்து காட்டினேன். பரீட்சகர் அந்தப் பக்கத்தைத்தான் நெடுநேரம் வாசித்தார். தோற்ற நாளின் குறிப்பைக் கிழித்தெறியாமல் வைத்திருங்கள்.

பிறகு ஆய்வு மாநாட்டுக்கு ஆய்வுச் சுருக்கம் அனுப்பும் கதை. கொமினிகேஷன் கடைப் பிள்ளை எல்லாவற்றையும் யூனிகோட் அல்லாத பழைய பாமினி எழுத்துருவில் அடித்திருந்தாள். மாநாட்டுக்காரர் யூனிகோட் கேட்டார்கள். எழுத்துரு மாற்றும் மென்பொருளில் போட்டபோது கொம்பும் காலும் இடம் மாறி, "விகிதம்" என்ற சொல்லே எனக்கு அடையாளம் தெரியவில்லை. ஓர் இரவு முழுக்க இருந்து திருத்தினேன். முதல் நாளிலிருந்தே யூனிகோடில் அடியுங்கள். உங்கள் பெயரை எப்படி எழுதப்போகிறீர்கள் என்பதையும் அப்போதே முடிவு செய்யுங்கள். நமக்கு முதலெழுத்து அப்பாவின் பெயர். மேற்கோள் முறைக்கோ அது குடும்பப் பெயரா இல்லையா என்று தெரியாது. ஒரு கட்டுரையில் முதலெழுத்தோடும் இன்னொன்றில் அப்பாவின் முழுப் பெயரோடும் எழுதினால் இணையத்தில் நீங்கள் இரண்டு ஆட்கள்.

சுவரொட்டி அளிக்கைக்கு ஒரு பாராட்டுச் சான்றிதழ் கிடைத்தது. எங்கள் படிப்பு நிறுவனத்தின் அந்த ஆண்டுச் சாதனைப் பட்டியலிலும் ஒரு வரி வந்தது, ஒரு படத்தோடு. படத்தில் நாங்கள் ஆறு பேரும் ஒரு பதாகையும். கடைசியில் பதாகை வந்தேவிட்டது. தர உயர்வு நேர்முகத்துக்குப் போகும்போது அந்தச் சான்றிதழைக் கோப்பில் வைத்துத்தான் கொண்டுபோனேன், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அறிக்கை கட்டும்போது மூன்று பிரதி கேட்பார்கள். நாலாவது ஒன்றைக் கட்டிப் பாடசாலைக்குக் கொடுங்கள். நான் கொடுத்தது அதிபரின் அலுமாரியில் கறுப்பு அட்டையும் தங்க எழுத்துமாகப் பத்திரமாக இருக்கிறது. அதோடு பெற்றோருக்கென்று இரண்டு பக்கத்தில் பெரிய எழுத்தில் ஒரு சுருக்கம் எழுதிக் கொடுத்தேன். அதைச் சம்மாட்டி வாங்கி வாடிப் பலகையில் ஒட்டியிருந்தார், செலவுக் கணக்கு எழுதும் தாளுக்குப் பக்கத்தில். அடுத்த தரம் போனபோது, வலை மராமத்துச் செலவைக் கணக்கில் விட்டுவிட்டீர்கள் என்று பேனையால் யாரோ ஓரத்தில் எழுதியிருந்தார்கள்.