இப்படித்தான் இருக்கும், டீச்சர்

"மக்களே, திரும்பி வரும்போதும் இப்படித்தான் இருக்குமா?"

"இப்படித்தான் இருக்கும், டீச்சர்."

இவ்வளவுதான் பேச்சு. ('மக்களே' என்றால் எங்கள் பக்கத்தில் 'பிள்ளையே' என்று பொருள்.) கன்னியாகுமரிப் பக்கம் மணக்குடிக் காயலில் டீச்சரைக் கயாக் என்ற சிறு துடுப்புப் படகில் உட்காரவைத்து, கால் மிதியைச் சரிசெய்தபடியே, நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னேன். எட்டு மாதம் ஆகிவிட்டது. இன்னும் அந்தப் பதிலிலேயே நிற்கிறேன்.

அதைப் பொய் என்று சொல்ல மனம் வரவில்லை. அந்த நேரத்தில் நீர் நின்றிருந்தது. ஏற்றம் முடிந்து இறக்கம் தொடங்கும் முன் வரும் சிறிய இடைவெளி அது. சருகு விழுந்தால் விழுந்த இடத்திலேயே கிடக்கும். ஆனால் டீச்சர் இருந்த குழுவினர் முக்கால் மணி நேரம் தாமதமாக வந்திருந்தார்கள். முந்தைய நாள் பௌர்ணமி. ஐப்பசி மழையில் நாஞ்சில் நாட்டு வயல்களின் வடிநீரெல்லாம் பழையாற்றில் சேர்ந்து காயலுக்கு வந்துகொண்டிருந்தது. நம் கடலில் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் உள்ள வேறுபாடு ஒரு மீட்டருக்கும் குறைவுதான். என்றாலும் காயலில் பரந்து கிடக்கும் நீர் முழுவதும் கடலில் திறக்கும் குறுகிய வாயான பொழி வழியாகத்தான் வெளியேற வேண்டும். பாலத்துத் தூண்களுக்கிடையே அது இழுத்துக்கொண்டு ஓடும். ஆற்று வெள்ளமும் சேர்ந்தால் இறக்கம் சீக்கிரமே தொடங்கி, நெடுநேரம் ஓயாமல் ஓடும். இதெல்லாம் எனக்குத் தெரியும். கயாக் வழிகாட்டியாக மூன்று மாதமாக இதைத்தான் கற்றுக்கொண்டிருந்தேன்.

கற்றுக்கொடுத்த அண்ணன் முதல் நாளே சொன்னது: போகும்போது எதிர்நீர், வரும்போது கூடநீர். கை ஓய்ந்தபின் நீரோடு மல்லுக்கட்டக் கூடாது. அன்று அவரே அதை மீறினார். வந்தவர்களைத் திருப்பி அனுப்ப மனமில்லாமல், "பாலம் வரை மட்டும் போய்வரலாம்" என்றார். முடிவு செய்தது அவர்தான். இதை எனக்கு நானே பலமுறை சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆனால் டீச்சர் கேட்டது என்னிடம்.

என் பக்கமும் நியாயம் இருக்கிறது. பயந்தவர் இடுப்பை இறுக்கிக்கொள்வார். இடுப்பு இறுகினால் படகு நீரோடு ஆடாது, கவிழும். அதை என் உடம்பில் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். பாலத்துத் தூணுக்குப் பின்னால் நீர் சுழன்று எதிர்த்திசையில் திரும்பும். ஓடும் நீரிலிருந்து அதற்குள் நுழையும்போது படகின் மூக்கு ஒரு பக்கம் பிடிபட, பின்பகுதியை ஓட்டம் மறுபக்கம் இழுக்கும். படகு சட்டென்று திரும்பும். திரும்பும் பக்கமே நாமும் சாய வேண்டும். பயந்தவன் எதிர்ப்பக்கம் சாய்வான். நான் அப்படித்தான் சாய்ந்தேன். அடுத்த நொடி வாய் நிறைய உப்புநீர். டீச்சருக்கு அது நேரக் கூடாது என்று நினைத்தேன். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேனா, அல்லது பின்னால் சேர்த்துக்கொண்டேனா என்று இப்போது பிரித்துப் பார்க்க முடியவில்லை.

2004 சுனாமியில் பழைய பாலத்தையே கடல் பிடுங்கிப்போட்ட இடம் இது. அவர் வயதில் இருப்பவர்கள் அந்த நினைவில்லாமல் இங்கே நீரில் இறங்க முடியாது. அவருடைய கேள்விக்குள் அதுவும் இருந்திருக்கும். அது எனக்கு அன்று உறைக்கவில்லை.

திரும்பும்போது பாலத்துக்கடியில் அவர் மாட்டிக்கொண்டார். தூணில் சிப்பி படர்ந்து வெள்ளையாக ஒரு திட்டு. அதில் சிக்கிய பச்சை வலை நூல் ஒன்று நீரோட்டத்தில் துடித்துக்கொண்டிருந்தது. டீச்சர் துடுப்பை மாறி மாறிப் போட்டார். அந்தத் திட்டு அவர் தோளுக்கு நேராகவே நின்றது. "மக்களே, நான் போகிறேனா?" என்று கேட்டார். நேராக எதிர்க்காமல் மூக்கைக் கரைப்பக்கம் சாய்த்துப் பிடிக்கச் சொன்னேன். காதில் விழவில்லை. இழுவைக் கயிற்றை மாட்டி, ஓட்டம் குறைவாக இருந்த அலையாத்தி மரங்களின் ஓரத்துக்குக் குறுக்காக இழுத்துக்கொண்டு போனேன். கரையேறியதும் உள்ளங்கையை விரித்துப் பார்த்தார். கொப்புளம் உடைந்திருந்தது.

"உனக்குத் தெரியும்தானே?" என்றார். கோபமே இல்லை.

"நீர் சீக்கிரம் திரும்பிவிட்டது, டீச்சர்" என்றேன்.

முதல் பதிலை விட இந்தப் பதில்தான் என்னை அதிகமாக வதைக்கிறது. முதலாவது அவருக்காகச் சொன்னது என்றாவது வைத்துக்கொள்ளலாம்.

அதற்குப் பிறகு கேட்பவர் எல்லோரிடமும் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். அதுதான் சரி என்று நம்புகிறேன். மாசியில் டீச்சர் மகளோடு மீண்டும் வந்தார். இறக்கம் எப்போது தொடங்கும், எங்கே இழுக்கும், இழுத்தால் நான் என்ன செய்வேன் என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் முழுவதையும் கேட்டார். கேட்டு முடித்ததும் லைஃப் ஜாக்கெட்டின் கொக்கிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். "நான் கரையில் இருக்கிறேன், நீ போய் வா" என்று மகளிடம் சொன்னார்.

அன்று மழை வெள்ளம் இல்லை, காற்றும் இல்லை. அவரால் எளிதாகப் போய்வந்திருக்க முடியும். முதல் முறை போகும்போது, பாலத்துக்கு முன்னால், துடுப்பை மடியில் வைத்துவிட்டுக் கையை நீரில் அளைந்தபடி அவர் சிரித்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அன்று உண்மையைச் சொல்லியிருந்தால் அந்தச் சிரிப்பு இல்லை. கொப்புளமும் இல்லை.

மகளுக்குக் கால் மிதியைச் சரிசெய்தபோது அவள் எதுவும் கேட்கவில்லை. நானாகவே சொல்லத் தொடங்கினேன்.